தொடாமல் வைத்த ஐம்பத்தொன்பது

மலைப் பள்ளிக்குப் பணி ஆணை வாங்கிக்கொண்டு வருகிற உங்களுக்கு முதல் நாளே சாக்பீஸ் பெட்டியும் அலமாரிச் சாவியும் கிடைத்துவிடும். பாடத்தை எப்படி நடத்துவது என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எப்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். நான் ஓய்வு பெற்றவன் இல்லை. தலையில் நரை விழும் வயதுகூட ஆகவில்லை. கல்வராயன் மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் தற்காலிகக் கணித ஆசிரியராக இருந்துவிட்டு, இப்போது நிரந்தர வேலை கிடைத்துக் கீழே இறங்குகிறேன். அறிவுரை சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். அடுத்த வாரம் நான் நின்ற இடத்தில் நீங்கள் நிற்கப் போகிறீர்கள், அவ்வளவுதான் தகுதி.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அப்பா மூங்கில்துறைப்பட்டில் ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டுகிறவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், "அப்படி இன்னாடா சொல்லிக் குடுக்கற அங்க?" என்று கேட்டார். பகா எண் என்றேன். "யாருக்கும் சமமாப் பங்கு போட முடியாத எண்ணுப்பா. பதிமூணு கரும்ப ரெண்டு பேருக்கும் பிரிக்க முடியாது, மூணு பேருக்கும் பிரிக்க முடியாது."

"ஒடச்சிப் பிரிக்க வேண்டியதுதானே?" என்று சொல்லிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார். 

பகா எண்கள் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும் என்பதை ஒன்பதாம் வகுப்பில் நடத்தினேன். பாடத்திட்டத்தில் இல்லை, ஆசைக்கு நடத்தினேன். முதல் சில பகா எண்களை ஒன்றோடொன்று பெருக்கி, அதோடு ஒன்று கூட்டு. இரண்டையும் மூன்றையும் பெருக்கி ஒன்று கூட்டினால் ஏழு. ஐந்தையும் சேர்த்துப் பெருக்கிக் கூட்டினால் முப்பத்தொன்று. ஏழையும் சேர்த்தால் 211. பதினொன்றையும் சேர்த்தால் 2311. எல்லாமே பகா எண்கள். பதின்மூன்றையும் சேர்த்தால் 30031.

"அப்போ இதுவும் பகா எண்ணுதான் சார்!" என்று வகுப்பே கத்தியது. எல்லோரையும்விட உரக்கக் கத்தியவன் வகுப்புத் தலைவன் வெங்கடேசன்.

எனக்கு விடை தெரியும். கணிதம் படித்த பலருக்கும் தெரிந்த பள்ளம்தான் அது. அந்த வரிசை அதுவரை அழகாக வந்துவிட்டு அங்கே காலை வாரும். 59 என்ற எண் 30031-ஐ மீதியில்லாமல் வகுத்துவிடும். நாலு தடவை சரியாக வந்தால் ஐந்தாவது தடவையும் வரும் என்று நம்பிக் கை தூக்குகிற பழக்கம் பிள்ளைகளுக்குப் போகவேண்டும் என்றுதான் அந்த எண்ணைக் கொண்டுவந்தேன்.

"கத்தினா பத்தாது. வகுத்துப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றேன்.

எதுவரை வகுத்துப் பார்ப்பது? 173 வரைக்கும் உள்ள பகா எண்களால் வகுத்தால் போதும். அதற்குமேல் உள்ள இரண்டு எண்களைப் பெருக்கினால் 30031-ஐத் தாண்டிவிடும். முதல் ஆறு எண்களைப் பெருக்கி ஒன்று கூட்டித்தானே இதைச் செய்தோம். அந்த ஆறாலும் வகுத்தால் ஒன்று மீதி வரும். மிச்சம் இருந்த பகா எண்களைச் சீட்டில் எழுதி, பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கினேன். வகுப்பில் இருந்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று சரியாக வந்தது. சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டினோம். அதில் எண், எடுத்தவர் பெயர், வந்த மீதி. வெங்கடேசனுக்குக் கடைசி எண் 173 விழுந்தது, பெருமை தாங்கவில்லை. 59 சத்யாவுக்கு விழுந்தது.

சத்யாவும் வெங்கடேசனும் ஒரே ஊர். ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்கவும் மாட்டார்கள், சும்மா விடவும் மாட்டார்கள். சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "கடசி எண்ணு கெடச்சிட்டா நீ பெரிய ஆளா? வகுக்கத் தெரியணும்டா மொதல்ல" என்றாள்.

அந்த வாரம் ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. கரும்பு வெட்டுக்கு அவள் குடும்பம் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கீழே இறங்கிவிட்டது. அப்பாவும் அம்மாவும் வெட்டப் போனால் கைக்குழந்தைத் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் மலையில் இரண்டு மூன்று பிள்ளைகள் இப்படிக் காணாமல் போவார்கள். நீங்களும் பார்க்கத்தான் போகிறீர்கள். பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

மற்றவர்கள் முடித்துவிட்டார்கள். "எல்லாரும் போட்டாச்சு சார். யார் போட்டாலும் மீதி வருது. பகா எண்ணுதான்" என்று வெங்கடேசன் வந்து நின்றான்.

தாளைப் பார்த்தேன். 59-க்கு எதிரே சத்யா என்ற பெயர் இருந்தது. மீதிக் கட்டம் காலி.

"இது?"

"அது சத்யா பங்கு சார்."

"அவதான் இல்லியே. வேற யாராவது போடறது?"

ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதைப்போல என்னைப் பார்த்தான். "எப்பிடி சார்? எங்க ஊர்ல கறி பங்கு போட்டா, ஊர்ல இல்லாத வூட்டுக்கும் ஒரு கூறு எடுத்து வெச்சிடுவாங்க. அத யாரும் தொட மாட்டாங்க. அதுக்குன்னு பங்கு போடலன்னு சொல்லுவாங்களா? போட்டாச்சுன்னுதான் சொல்லுவாங்க."

கறிக்கு அது சரி. எண்ணுக்கு அது சரியில்லை. எடுத்துவைத்த கூறில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் பங்கு முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் இதை அவனிடம் சொன்னால் அடுத்த நிமிடமே சாக்பீஸை எடுத்து அவனே வகுத்துவிடுவான். சத்யாவுக்கென்று அந்த வகுப்பில் மிச்சமிருந்தது அந்தக் காலிக் கட்டம் ஒன்றுதான். "சரி போ" என்றேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கள்ளக்குறிச்சியில் பள்ளிகளுக்கான கணிதக் கண்காட்சி அறிவித்தார்கள். எங்கள் தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். ஆனால் எதையும் நின்று கேட்கமாட்டார். சுவரில் இருந்த தாளைப் பார்த்தார், பூரித்துப் போனார். நான் போய் நிற்பதற்குள் போனிலேயே ஃப்ளெக்ஸ் கடைக்குச் சொல்லிவிட்டார்: '30031: யாராலும் வகுக்க முடியாத எண்.'

"சார், ஒரு கட்டம் காலியா இருக்கு" என்றேன்.

"நீங்க போட்டு ரொப்புங்க சார். உங்களுக்கு ஒரு நிமிஷ வேலை."

"அது சத்யாவோடது சார்."

அவர் முகம் மாறியது. "அந்தப் பொண்ணைப் பத்திப் பேசணும்னுதான் இருந்தேன். கண்காட்சி முடிஞ்சதும் விடுதியிலேர்ந்து பேரை எடுத்துடறேன். வராத பிள்ளைக்கு இடம் வெச்சிக்கினு இருந்தா மேல கேள்வி கேப்பாங்க. என்னால பதில் சொல்ல முடியாது."

விடுதியில் பெயர் போனால் சத்யாவுக்குப் படிப்பும் போனதுதான். அவள் ஊரிலிருந்து நடந்து வந்து படிக்கிற தூரம் இல்லை.

இப்போது என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். வாயைத் திறந்து ஐம்பத்தொன்பது என்று ஒரு சொல் சொன்னால் ஃப்ளெக்ஸ் நின்றுவிடும், பள்ளியின் மானம் தப்பிக்கும், அந்தக் கட்டத்தை நானே நிரப்பிவிடலாம். பிறகு சத்யா இல்லாதது யாருக்கும் உறுத்தாது. சொல்லாவிட்டால், மாவட்டத்துக்கு முன்னால் பிள்ளைகள் தப்பான ஒன்றைத் தலைக்குமேல் கட்டிக்கொண்டு நிற்பார்கள். நான் தற்காலிகம் வேறு. வகுப்பில் பாடம் நடத்தும்போதே பாதியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். "இன்னா சார், மறந்துட்டீங்களா?" என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள்.

கண்காட்சி திங்கட்கிழமை. சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன். கச்சிராயபாளையத்தில் மாறி, கள்ளக்குறிச்சியில் மாறி, மூங்கில்துறைப்பட்டில் இறங்கியபோதும் சத்யாவிடம் என்ன பேசுவது என்று முடிவுசெய்திருக்கவில்லை. எந்தக் கரும்புக் கொல்லையில் மலை ஆட்கள் வெட்டுகிறார்கள் என்று அப்பாவிடம் விசாரித்துக்கொண்டு நடந்தேன்.

கொல்லை ஓரத்தில் காய்ந்த கரும்புச் சோகை வேய்ந்த கொட்டாயின் நிழலில், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு சத்யா நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. "பேரு எடுத்துட்டாங்களா சார்?" என்றுதான் கேட்டாள்.

"இன்னும் இல்ல."

அவள் அப்பா கோவிந்தன் வெட்டுக்கத்தியோடு வந்தார். முகமெல்லாம் கரும்புத் தூசி. "வாங்க சார். இன்னாங்க சார் இம்மாந்தூரம்?"

"ஒரு கணக்கு பாக்கி இருக்குதுங்க. உங்க பொண்ணு போட்டுக் குடுக்கணும்."

அவர் என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு கணக்குக்கா மலையேர்ந்து வந்தீங்க? அங்க யாருக்கும் போடத் தெரியாதா?"

"தெரியும். ஆனா யாரும் தொட மாட்டேங்கறாங்க. அது சத்யா பங்காம்."

கோவிந்தன் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தார். குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

சத்யா தரையில் குந்தி உட்கார்ந்து, நான் கொடுத்த தாளில் வகுக்க ஆரம்பித்தாள். 300-க்குள் 59 அஞ்சு தடவை. மீதி அஞ்சு. மூன்றை இறக்கினாள், ஒன்றையும் சேர்த்தே இறக்கினாள். 531-க்குள் ஒன்பது தடவை. மீதி இல்லை.

"ஈவு அம்பத்தொம்போது வருது சார். மீதி வரல." முகம் சுருங்கியது. "தப்பாப் போட்டுட்டன் போல."

நடுவில் ஒரு சைபரை விட்டுவிட்டாள். என் விரல் தானாக நீண்டது. மடக்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். எங்கே தப்பு என்று சொல்வது எளிது. சொல்லிவிட்டால் அது என் கணக்காகிவிடும்.

அவளே 59-ஐ 59-ஆல் பெருக்கிப் பார்த்தாள். மூவாயிரத்துச் சொச்சம்தான் வந்தது. நெற்றியைச் சொறிந்தாள். திரும்ப மேலேயிருந்து வந்தாள். "ஐய, ஐம்பத்தி மூணுக்குள்ள போவாது. அங்க சைபர் போடணும்." சைபரைச் செருகினாள். ஐந்நூற்று ஒன்பது. மறுபடி பெருக்கினாள். முப்பதாயிரத்து முப்பத்தொன்று.

இரண்டு எண்களையும் விரலால் தொட்டாள்.

"சார். இது பகா எண்ணு இல்ல."

நான் தாளைப் பார்க்கவே இல்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டு, என் முகத்தைப் பார்த்தே பதிலைத் தெரிந்துகொண்டாள். பிறகு மெதுவாகச் சிரிப்பு வந்தது. "வெங்கடேசன் எல்லார்கிட்டயும் பகா எண்ணுன்னு சொல்லிக்கினு இருக்கானா?"

"ஃப்ளெக்ஸே அடிச்சாச்சு."

வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்பாவின் தோளில் இருந்த குழந்தையும் காரணம் தெரியாமல் சிரித்தது. "சார், நீங்க சொல்லிடாதீங்க. நான்தான் சொல்லணும். எப்போ கண்காட்சி?"

"திங்கக்கெழம."

அப்பாவிடம் திரும்பினாள். "பா, ஒரே ஒரு நாளுபா."

"இவன யாரு பாத்துக்கறது?"

"இட்டுக்கினே போவோம்."

அவர் குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கொல்லைக்குள் நடந்தார். வருவார்களா மாட்டார்களா என்று தெரியாமலே நான் பஸ் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை முழுதும் பள்ளி மைதானத்தில் நடந்துகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை கண்காட்சிக் கூடத்தில் எங்கள் மேசைக்கு மேலே ஃப்ளெக்ஸ் தொங்கியது. பின்சுவரில் மீதிகள் எழுதிய தாள், நடுவில் ஒரு காலிக் கட்டத்தோடு. தலைமை ஆசிரியர் பவுடர் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நடுவர்கள் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எங்களிடம் வரும்வரை சத்யா வராவிட்டால் நானே சொல்லிவிடுவது என்று அப்போது முடிவுசெய்தேன். ஒரு பிள்ளைக்காக மற்ற பிள்ளைகளை அவமானப்பட விட எனக்கு உரிமை இல்லை. அடுத்த மேசையில் பேச்சு முடிகிற சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு வெங்கடேசனைக் கூப்பிட்டேன்.

அவன் என் பக்கம் திரும்பவில்லை. வாசல் பக்கம் பார்த்துக் கத்தினான்: "ஏய், சத்யாடா!"

எண்ணெய் வைத்துச் சீவிய தலையோடு வந்தாள். பின்னால் கோவிந்தன், வெளுத்த சட்டையில், தோளில் குழந்தை. சத்யா நேராக வெங்கடேசனிடம் போய், மேலே நிமிர்ந்து ஃப்ளெக்ஸைப் பார்த்தாள்.

"என்னுத யாராச்சும் போட்டீங்களா?"

"உன் பங்க நாங்க ஏன் தொடறோம்? போய் ரொப்பு. ஒண்ணுதான் பாக்கி."

நடுவராக வந்திருந்த அம்மா, எங்கோ கல்லூரிப் பேராசிரியை, எங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். சத்யா கரும்பலகையை எடுத்துச் சாய்த்து வைத்து வகுக்கத் தொடங்கினாள். இந்தத் தடவை சைபரைத் தவறவிடவில்லை. கடைசியில் வந்த சைபரைச் சுற்றி வட்டம் போட்டாள்.

தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன்.

"இன்னொரு தபா போடு" என்றான் வெங்கடேசன்.

"கரும்புக் கொல்லையிலேயே போட்டுப் பாத்துட்டன்டா."

"அப்பவே தெரியுமா? ஒரு போன் பண்றதுக்கு இன்னா?"

"போன்ல உன் மூஞ்சி தெரியாதே."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். வெங்கடேசனுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு நாற்காலிமேல் ஏறி ஃப்ளெக்ஸை அவிழ்த்தான். திருப்பிப் போட்டான். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. மார்க்கரை சத்யாவிடம் நீட்டினான். 30031 = 59 × 509 என்று பெரிதாக எழுதினாள்.

பேராசிரியை அம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை பேர் இத்தனை எண்ணால வகுத்திருக்கீங்க. இந்த ஒண்ணை மட்டும் எப்படிக் கோட்டை விட்டீங்க?"

"கோட்டை வுடல மேடம்" என்றான் வெங்கடேசன். "அவளுக்கு எடுத்து வெச்சிருந்தோம்."

எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. தப்பான தலைப்போடு வந்ததற்கு மதிப்பெண் குறைத்தது நியாயம்தான். தலைமை ஆசிரியர் என்னை ஓரமாக அழைத்துப் போய், "தெரிஞ்சே வாயை மூடிக்கினு இருந்தீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் போய் வேனில் உட்கார்ந்துகொண்டார்.

தோழர்களே, நான் செய்தது சரிதான் என்று உங்களிடம் வாதாட வரவில்லை. இன்னும் ஒரு நிமிடம் தாமதித்திருந்தால் இந்தக் கதையை வேறு மாதிரி எழுதவேண்டியிருந்திருக்கும், அல்லது எழுதியிருக்கவே மாட்டேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். விடை தெரிந்தவன் படுகிற அவஸ்தை தெரியாதவனுக்கு இல்லை. நாக்கு நுனியில் நின்று அது அரித்துக்கொண்டே இருக்கும். அந்த அரிப்புக்குச் சொறிந்துகொள்வதைத்தான் பல நேரம் பாடம் நடத்துவது என்று நினைத்துக்கொள்கிறோம். யாருக்கான பங்கு அது என்று முதலில் பாருங்கள். அந்தப் பிள்ளை வகுப்பில் இல்லையென்றால், விடையை நீங்கள் எழுதுவதற்கு முன்னால் பிள்ளையைத் தேடிப் போங்கள். எத்தனை நேரம் பொறுக்கலாம் என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கு இல்லை.

கூடத்து வாசலில் கோவிந்தன் குழந்தைக்குப் பன் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தார். "ஒரு நாளுன்னு சொல்லித்தான் இட்டாந்தேன் சார்" என்றார். நான் தலையாட்டினேன். உள்ளே பிள்ளைகள் சத்யாவைச் சுற்றி நின்று கத்துவது கேட்டது. கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் புள்ளைங்க இவ எடத்த யாரையும் தொட வுடாம வெச்சிருக்குதுங்க. நான் பெத்தவன், நானே எடுத்துக்கினு போனா நல்லா இருக்குமா?" குழந்தையின் வாயைத் துடைத்தார். "கொட்டாயில தூளி கட்டிடறேன். நானும் இவங்கம்மாவும் மாத்தி மாத்தி வெட்டறோம். இன்னா, கூலி கம்மியாவும். ஆவட்டும். உங்க பெரிய சார் சேத்துக்குவாரா?"

"கேக்கறேங்க" என்றேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவர் நடந்தபோது குழந்தை அக்காவைப் பார்த்துக் கைநீட்டி அழுதது. சத்யா வேனின் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றாள். அப்பா திரும்பிப் பார்த்து, ஏறு என்று கையைக் காட்டினார். ஏறினாள்.

வேன் மலையேறத் தொடங்கியது. முன் சீட்டில் தலைமை ஆசிரியர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவருக்குப் பின்னால், எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். முதல் கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் பின்னாலிருந்து சத்யாவின் குரல் கேட்டது.

"அப்போ அந்த ஐந்நூத்தி ஒம்போது? அத யாரும் வகுத்துப் பாக்கலியே?"

"அதுவும் ஒடையுமோ?" என்றான் வெங்கடேசன்.

"அதுக்குதான் பாக்கணும். பத்தொம்போது வரைக்கும் போதும். ஏழு உனக்கு. பதினொண்ணு அவளுக்கு. பதிமூணு நான். பதினேழு..." ஒவ்வொருவராகக் கைகாட்டிக்கொண்டே வந்தாள். முன் சீட்டு வந்ததும் நிறுத்தினாள். "சார்... பத்தொம்போது உங்களுக்கு."

தலைமை ஆசிரியர் திரும்பவில்லை. அடுத்த வளைவும் போனது. பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, உள்ளங்கையில் எதையோ எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார்.

"மீதி பதினஞ்சு வருது" என்றார். "தாள்ல என் பேரையும் எழுதிக்கோ, சத்யா."